கூலிங் கிளாஸ் போட்டால் மீன் தெரியுமா?

"அதோ பாரு தம்பி, ரெண்டு கெண்டை. பாசிக்கு இந்தப் பக்கம். பெருசு முன்னாடி போகுது."

பக்கத்தில் நின்ற பெரியவர் கை நீட்டிய திசையில் பார்த்தேன். தகரத்தை விரித்துப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பரப்புதான் தெரிந்தது. அதில் ஒரு மேகம், மேகத்தின் ஓரத்தில் கண்ணைக் குத்துகிற வெயில். பெரியவர் சொல்கிறாரே என்று "ஆமாங்கய்யா" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் மூக்கின் மேலும் அப்போது ஒரு கூலிங் கிளாஸ் உட்கார்ந்திருந்தது. அவருடையதைவிட நல்ல கறுப்பு, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவருடையதைப் போட்டேன். தகரம் காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தரை, அதில் சாய்ந்து கிடக்கும் முறிந்த கிளை, கிளையைச் சுற்றிப் பாசி, பாசிக்கு இந்தப் பக்கம் அவர் சொன்ன அதே இடத்தில் இரண்டு கெண்டை. பெருசு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரமாக நான் அந்தக் கிளைக்கு நேர் மேலேதான் தூண்டிலைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிந்தது. காலையிலிருந்து மூன்று முள் அறுந்துபோன காரணம் அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நான்கு கண்ணாடிகள் வாங்கிவிட்டேன். அதில் இரண்டு தண்டம். புதிதாகத் தூண்டில் பிடிக்கிற நண்பர்கள் "எந்தக் கண்ணாடி வாங்கலாம்?" என்று கேட்கும்போது ஒரு கம்பெனிப் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் "எந்தத் தண்ணி, எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இது.

அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடி ஏன் தோற்றது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சாயம் போட்ட சாதாரணக் கண்ணாடி எல்லா வெளிச்சத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது. தண்ணீரின் மேல் பட்டுத் திரும்புகிற வானத்தையும் குறைக்கும், உள்ளே மீனைத் தொட்டுவிட்டு வெளியே வருகிற வெளிச்சத்தையும் குறைக்கும். இரைச்சலோடு பாடுகிற ரேடியோவில் சத்தத்தைக் குறைத்த மாதிரிதான். இரைச்சல் குறையும், பாட்டும் சேர்ந்து குறையும். கண்ணுக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

பெரியவருடையது போலரைஸ்டு கண்ணாடி. அது செய்வது வேறு வேலை. பள்ளிக்கூடத்தில் தளவிளைவு (ஆங்கிலத்தில் போலரைசேஷன்) என்று ஒரு பாடம் படித்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்திருப்போம். ஒளி தான் போகிற திசைக்குக் குறுக்கே அதிர்கிறது; வெயிலில் எல்லாப் பக்க அதிர்வும் கலந்திருக்கிறது. அது தட்டையான தண்ணீரில் சாய்வாக வந்து பட்டால், படுக்கைவாட்டில் அதிர்கிற பங்கு அதிகமாகத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. மேலும் கீழுமாக அதிர்கிற பங்கில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. அடியில் கல்லையும் மீனையும் தொட்டுவிட்டு வெளியேறும் வெளிச்சத்தில் இந்தப் படுக்கைவாட்டு ஓரவஞ்சனை இல்லை. ஆகவே படுக்கைவாட்டு அதிர்வை மட்டும் கண்ணுக்கு முன்னால் தடுத்துவிட்டால், வானம் போய்விடும், மீன் நிற்கும். கண்ணாடி மீனைக் காட்டுவதில்லை, மறைத்துக்கொண்டிருந்ததை விலக்குகிறது. இந்த வித்தியாசம் கடைசியில் முக்கியமாகப் போகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் தூண்டில்காரர் இல்லை. 1808-ல் பாரிஸில் எத்தியென் லூயி மாலூஸ் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், கால்சைட் படிகம் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைப் பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும். அதைச் சுற்றச் சுற்ற ஒரு பிம்பம் மங்கி மற்றொன்று பிரகாசமானது. அன்று இரவே மெழுகுவர்த்தி வெளிச்சத்தைத் தண்ணீரில் பட வைத்து அதே விளையாட்டைப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1815-ல் டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி அதன் கோணக் கணக்கைச் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1852-ல் வில்லியம் ஹெராபத் என்ற ஆங்கில மருத்துவரின் மாணவர், குயினைன் என்ற மலேரியா மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அயோடினை விட, அதில் பச்சை நிறத்தில் பொடிப் பொடியாகப் படிகங்கள் உண்டாயின. அவை ஒளியை வடிகட்டுவதை ஹெராபத் கவனித்தார். 1929-ல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் அந்த வகைப் படிகங்களைப் பிளாஸ்டிக்கில் ஒரே திசையில் அடுக்கி உறையவைத்து, தகடாக்கும் வழிக்குக் காப்புரிமை கேட்டார். பிற்பாடு, 1938-ல், படிகத்தையே விட்டுவிட்டு, பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி அயோடின் ஏற்றினால் போதும் என்று ஆக்கினார். இன்று நம் மூக்கின் மேல் இருப்பது ஏறக்குறைய அந்தப் படலம்தான். நாய்க்கு நன்றி.

இந்தப் படலத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் ஜன்னல் கம்பி உதாரணத்தைச் சொல்வார்கள்: செங்குத்துக் கம்பிகளுக்கு நடுவே செங்குத்து அதிர்வு மட்டும் நுழையும் என்று. கேட்கச் சுலபம், ஆனால் தலைகீழ். படலத்தில் இழுத்து நீட்டப்பட்ட மூலக்கூறுகள் படுக்கைவாட்டில்தான் கிடக்கின்றன. தங்களோடு சேர்ந்து அதிர்கிற ஒளியை அவைதான் விழுங்கிவிடுகின்றன. தெரிந்துகொண்டு மீன் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. என்றாலும் தப்பான உதாரணம் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

புரூஸ்டர் கணக்கு அப்படியில்லை, அது கரையில் உதவுகிறது. திரும்புகிற வெளிச்சம் முழுக்க முழுக்கப் படுக்கைவாட்டில் அதிர்வது ஒரே ஒரு கோணத்தில். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. கோணமானி வைத்துக்கொண்டு யாரும் மீன் பிடிப்பதில்லை. அதையே தூரமாக மாற்றினால் சுலபம்: உங்கள் கண் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரமோ, அதில் 1.33 மடங்கு தூரம். (அந்த 1.33 தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணேதான். தற்செயல் இல்லை, புரூஸ்டர் விதியே அதுதான்.) தண்ணீர் மட்டத்தில் நிற்கிறேன், கண் 1.6 மீட்டர் உயரம் என்றால், 2 மீட்டர் சொச்சம் தள்ளியிருக்கிற இடம்தான் கண்ணாடிக்கு உச்சம். அதே நான் 3 மீட்டர் உயரக் கரைமேல் ஏறினால் கண் 4.6 மீட்டருக்குப் போகிறது, உச்ச இடமும் 6 மீட்டருக்குத் தள்ளிப் போகிறது. அந்தப் பெரியவர் எப்போதும் மேட்டில் நின்றதற்கு இதுதான் காரணம். அவருக்குப் புரூஸ்டரைத் தெரியாது. "மேல நின்னா நல்லாத் தெரியும்" என்று மட்டும் சொல்வார்.

அந்த இடத்தைத் தாண்டினால் கண்ணாடி சட்டென்று கைவிட்டுவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். செங்குத்திலிருந்து 80 டிகிரி, அதாவது நின்றபடி ஒன்பது பத்து மீட்டர் தூரத்தைப் பார்க்கும்போது, வந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வருகிறது. அதில் மேலும் கீழுமாக அதிர்கிற பங்கும் கணிசம். அதைக் கண்ணாடி விட்டுத்தான் ஆகவேண்டும். அதனால்தான் தூரத்துத் தண்ணீர் எந்தக் கண்ணாடியிலும் கொஞ்சம் மினுக்கும். காற்றடித்துச் சிற்றலை எழுந்தாலும் இதே கதை. ஒவ்வோர் அலைச்சரிவும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருப்பதால் திரும்புகிற அதிர்வும் கலைந்துபோகிறது. அப்போது தலையை இடது வலது என்று லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு சாய்வில் பளிச்சென்று ஓர் இடம் திறக்கும். பார்க்கிறவர்கள் காதில் தண்ணீர் போய்விட்டது என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன்.

முதல் கண்ணாடியை நான் அதன் கறுப்புக்காகத்தான் வாங்கினேன். பெரியவருடையது போலரைஸ்டு என்று தெரிந்துவிட்டது. அதிலேயே மிகவும் கறுப்பானது, மேலே நீலக் கண்ணாடிப் பூச்சு மின்னுவது என்று தேடினேன். மறுநாள் விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் போட்டால், தண்ணீர் என்ன, காலுக்குக் கீழே பாதையே தெரியவில்லை. மீன் நன்றாக மேய்கிற அந்த ஒன்றரை மணி நேரமும் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. வெயில் ஏறி, மீன் ஆழத்துக்குப் போன பிறகுதான் போட முடிந்தது.

காதுத் தண்டின் உள்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஐஎஸ்ஓ 12312-1 தரநிலைப்படி கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். 2 என்றால் 18-லிருந்து 43 சதவீதம் வரை வெளிச்சத்தை உள்ளே விடும். 3 என்றால் 8-லிருந்து 18 வரை. 4 என்றால் 3-லிருந்து 8 வரை மட்டும்; அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. நான் வாங்கியது 4. பனிமலைக்கும் நடுக்கடல் உச்சி வெயிலுக்கும் ஆனது. பெரும்பாலோருக்குப் பகல் முழுக்க 3 போதும். விடிகாலை, அந்தி, மரநிழல் ஓடை என்றால் 2. இன்னும் வெளிச்சமான போலரைஸ்டு கண்ணாடி கேட்டால் அபூர்வம். ஏனென்றால் அந்தப் படலமே வெயிலில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. குறையே இல்லாத படலமாக இருந்தாலும் 50 சதவீதத்துக்கு மேல் விடாது. "சாயமே இல்லாத போலரைஸ்டு" என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

மேலே மின்னுகிற அந்த நீலப் பூச்சுக்கும் போலரைஸ்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அது இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, நம் கண் எங்கே பார்க்கிறது என்பதை மறைக்கிறது, முதல் கீறலில் அசிங்கமாகிறது. நான் இப்போது பூச்சைக் கண்ணாடியின் உள்பக்கம்தான் கேட்கிறேன். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது உள்பக்கத்தில் நம் கன்னமும் கண்ணுமே தெரிந்து தொந்தரவு செய்யும். அந்தப் பக்கம் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருந்தால் அது இருக்காது. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை, போட்டோவில் மின்னாது அல்லவா!

நிறத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். என் கட்சி இது: ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செம்பழுப்பு. தாமிர நிறம் என்றும் சொல்வார்கள். அது நீல வெளிச்சத்தை அடக்குகிறது. தரையும் பாசியும் மீனும் எல்லாமே பச்சையும் பழுப்புமாக ஒன்றோடொன்று கலந்து கிடக்கிற ஆழம் குறைந்த தண்ணீரில், அந்தப் பழுப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை எடுத்துக் கொடுப்பது இந்த நிறம்தான். சாம்பல் நிறம் எல்லாவற்றையும் உள்ளபடி காட்டும். ஆழமான நீலத் தண்ணீரிலும் கடலிலும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டால் கண்ணுக்கு அலுப்புத் தட்டாது. மஞ்சள் விடியலுக்கும் மூடிய வானத்துக்கும். அதை வெயிலில் போட்டால் தலை வலிக்கும். இன்று நான் போட்டுக்கொள்பவை ஒரு செம்பழுப்பு 3, ஒரு மஞ்சள் கலந்த 2. சாம்பல் நிறத்தை, கடலுக்குப் போகிற நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூடிய வானம் என்றதும் ஞாபகம் வருகிறது. மேகமூட்டத்தில் கூலிங் கிளாஸ் எதற்கு என்று நினைக்காதீர்கள். வெயில் நாளில் மினுக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், நாம் இடம் மாறி நிற்கலாம். மூட்டமான நாளில் வானம் முழுவதும் வெள்ளை, தண்ணீர் முழுவதும் பால். கண்ணாடி அன்றைக்குத்தான் அதிகம் வேலை செய்கிறது. இருட்டு வேறு, போலரைஸ்டு வேறு என்பது எனக்கு உறைத்ததும் அப்படி ஒரு நாளில்தான்.

இரண்டாவது தண்டம் கொஞ்சம் விநோதமானது. போட்ட பத்தாவது நிமிடம் தலைவலி. முதலில் வெயில் என்று நினைத்தேன், பிறகு பசி என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து எதேச்சையாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது பிடிபட்டது. இடது கண்ணில் தண்ணீர் திறந்து தெரிகிறது, வலது கண்ணில் மினுக்கம். வலது பக்கக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தும்போது சுற்றிவிட்டார்கள். படலம் சாய்ந்துவிட்டது. இரண்டு கண்ணும் இரண்டு வேறு ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை என்னதான் செய்யும்!

அதிலிருந்து வாங்குமுன் இதைச் செய்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணினியின் எல்சிடி திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தலையை மெதுவாகத் தோள்பக்கம் சாய்ப்பேன். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, இரண்டும் ஒரே கோணத்தில் கறுக்கிறதா என்று பார்க்கவேண்டும். கறுக்கவே இல்லையென்றால் அது வெறும் சாயம். திரை இல்லாத இடத்தில், இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒன்றை 90 டிகிரி திருப்பினால் போதும். சேர்ந்த இடம் கறுத்துவிடும். கூடவே கண்ணாடியைக் கை நீளத்தில் பிடித்து, தூரத்தில் ஒரு கதவு நிலையையோ கம்பத்தையோ அதன் வழியாகப் பார்த்தபடி மேலும் கீழும் ஆட்டுங்கள். நேர்கோடு நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முப்பரிமாணப் படம் பார்க்கக் கொடுக்கிற கண்ணாடியும் போலரைஸ்டுதானே என்று ஒரு நண்பர் அதைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். பெரும்பாலான தியேட்டர்களில் கொடுப்பது வட்டத் தளவிளைவு வகை, தண்ணீர் மினுக்கத்துக்கு உதவாது. அன்று முழுக்க அவரை ஓட்டினோம்.

எல்சிடி கறுத்துப்போவது சோதனைக்கு நல்லது, படகில் தொல்லை. மீன் தேடும் கருவியின் திரையும் ஜிபிஎஸ் திரையும் சில கோணத்தில் இருண்டுவிடும். சில போன்கள் நிமிர்த்திப் பிடித்தால் தெரியும், படுக்கவைத்தால் செத்துப்போன மாதிரி இருக்கும். போன் பழுதாகிவிட்டது என்று பதறியவர்களை நான் அறிவேன். அதில் நானும் உண்டு.

கண்ணாடி எதனால் ஆனது என்பதை நான் ரொம்ப நாள் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் பாசியில் சிக்கிய தூண்டிலை ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தேன். நரம்பு ரப்பர் மாதிரி நீண்டு, முள் சட்டென்று விடுபட்டு, ஈயக்குண்டு நேராக முகத்துக்கு வந்தது. டக் என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் வலது கண்ணாடியின் நடுவில், கருவிழிக்கு நேராக, ஒரு சின்னப் பள்ளம். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். உடையவில்லை. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். போடுவதில்லை, ஆனால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

நிஜக் கண்ணாடியில் பார்வை பளிங்கு மாதிரி இருக்கும், கீறலும் லேசில் விழாது. ஆனால் கனம், உடையும். சிஆர்-39 என்கிற பிளாஸ்டிக்கிலும் பார்வை நன்றாக இருக்கும், அடி தாங்குவது குறைவு. பாலிகார்பனேட் அடிக்குப் பயப்படாது, கீறலுக்குப் பயப்படும். ஓரங்களில் லேசாக நிறம் பிரியும் என்று சொல்வார்கள், எனக்குத் தெரிந்ததில்லை. டிரைவெக்ஸ் என்று இன்னொரு பிளாஸ்டிக், இந்த இரண்டுக்கும் நடுவில். ஈயமும் முள்ளும் பறக்கிற வேலையில் நான் பாலிகார்பனேட்டை விடமாட்டேன்.

படலம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்து ஒட்டியிருந்தால் உழைக்கும். மேலே ஒட்டியிருந்தால் ஒரு கோடைக்குள் ஓரத்தில் எண்ணெய்ச் சொட்டு மாதிரி கொப்புளம் கிளம்பி உரியும். நடுவே வைத்ததைக்கூட வெயிலில் நிற்கிற காரின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுவிட்டுப் போனால் கெடுத்துவிடலாம். கொசுத் தைலத்தில் இருக்கிற டீட் என்கிற சாமானும் பிளாஸ்டிக்கைத் தின்னும். கையில் தடவிக்கொண்டு அதே கையால் கண்ணாடியைத் துடைத்தால், மறுநாள் அதில் பனி பிடித்த மாதிரி கைரேகை இருக்கும், போகவே போகாது. கடல் தண்ணீர் தெறித்துக் காய்ந்திருந்தால், உப்புப் பொடியோடு துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும்.

யூவி பற்றி ஒரு வார்த்தை. போலரைஸ்டு என்று எழுதியிருப்பதாலேயே புற ஊதாக் கதிர் தடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டும் தனித்தனி. யூவி 400 என்று இருக்கிறதா பார்க்கவேண்டும். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்பது பொருள். பாலிகார்பனேட் பெரும்பாலும் தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும். வருடக்கணக்காகத் தண்ணீர்மேல் வெயிலில் இருக்கிறவர்களுக்கு வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கண்புரையிலும் இந்தக் கதிருக்குப் பங்குண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இங்கே அச்சு அசலாகப் பொருந்துகிற பழமொழி.

சட்டம்? பக்கவாட்டில் வெளிச்சம் புகாதபடி முகத்தை அணைத்து நிற்கவேண்டும். குனிந்தால் விழக்கூடாது. தொப்பியின் விளிம்பு மேல் வெளிச்சத்தை அடைத்தால் கண்ணாடியின் பாதி வேலை குறையும். ஒரு கயிற்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏரிகளின் அடியில் கிடக்கிற கூலிங் கிளாஸ்களைச் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம். ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே மாட்டிக்கொள்கிற பெரிய சட்டமோ, கிளிப்போ வாங்கி ஒரு பருவம் பார்த்துவிட்டு, அப்புறம் பவரோடு செய்துகொள்வது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று: தூரத்துக்கு மட்டும் பவர் வைத்துக்கொண்டால், மெல்லிய நரம்பில் முள் முடிச்சுப் போடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நரம்பை மூக்குக்கு நேரே பிடித்துத் தடவவேண்டி வரும்.

இவ்வளவும் சரியாக வாங்கியாயிற்று. மீன் தெரியுமா?

கலங்கிய தண்ணீரில் தெரியாது. கண்ணாடி மேற்பரப்பின் மினுக்கத்தைத்தான் எடுக்கும், தண்ணீருக்குள் மிதக்கிற சேற்றை எடுக்காது. மழைக்கு அடுத்த நாள் எந்த விலைக் கண்ணாடியும் வெறும் கூலிங் கிளாஸ்தான். தெளிந்த தண்ணீரிலும் முதல் சில நாள் மீன் தெரியாது, ஏனென்றால் நாம் முழு மீனைத் தேடுகிறோம். முழு மீன் அபூர்வமாகத்தான் தெரியும். தரையில் நகர்கிற ஒரு நிழல், பாசிக்கு நடுவே அசையாத ஒரு நேர்கோடு, ஒரு நொடி திறந்து மூடுகிற வெள்ளை வாய், இவைதான் தெரியும். மீன் கிடைக்காத நாளிலும் பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, பாசி எங்கே முடிகிறது, கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளலாம். முள் மிச்சமாவது அதனால்தான்.

தரை அவ்வளவு தெளிவாகத் தெரிவதிலும் ஓர் ஆபத்து உண்டு. கண்ணாடி மினுக்கத்தை எடுக்கிறதே தவிர, ஒளிவிலகலை எடுப்பதில்லை. நேர் மேலிருந்து பார்த்தால் ஆழம் நான்கில் மூன்று பங்காகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைச்சலாக. கூழாங்கல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிகிறதே, முழங்கால் அளவுதான் இருக்கும் என்று ஓர் ஓடையில் நம்பி இறங்கினேன். இடுப்பு வரை போயிற்று, போனும் சேர்ந்து போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்துவிட்டதாக நினைத்து விடுவது அதைவிட மோசம்.

அப்புறம், நாம் மீனைப் பார்த்தால் மீனும் நம்மைப் பார்க்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். உயரத்தில் நிற்கிறவன் நடுவை நோக்கி ஏறிவருகிறான். ஆக, கண்ணாடிக்கு நல்ல இடமும் மறைந்துகொள்ள நல்ல இடமும் ஒன்றுக்கொன்று எதிர். மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு, இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கிக் குந்தி உட்கார்ந்து தூண்டில் போடுவதுதான் எனக்குப் பலிக்கிறது. அல்லது மேட்டிலேயே ஒரு மரத்தை முதுகுக்குக் கொடுத்து ஆடாமல் நிற்பது.

போன மாதம் அப்படித்தான் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். காற்றில்லை. கீழே ஆறு மீட்டர் தள்ளி என் இரை கிடந்தது. செம்பழுப்புக் கண்ணாடியில் அது வெளிர் புள்ளியாகத் தெரிந்தது. ஒரு கெண்டை வந்தது. இரைக்கு மேலே ஒரு கணம் நின்று, தலையைக் கவிழ்த்து, உறிஞ்சியது. இரை காணோம். நான் தக்கையைப் பார்த்தேன், அது அசையவே இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் கெண்டை இரையைத் துப்பிவிட்டு அரை அடி பின்வாங்கியிருந்தது. மறுபடி வந்தது, உறிஞ்சியது, துப்பியது. இத்தனை வருடமும் தக்கையைப் பார்த்துக்கொண்டு "இன்னைக்கு மீனே இல்லை" என்று எழுந்து போயிருக்கிறேன். நான் எண்ணியதில் ஏழு முறை. தக்கை ஒரே ஒரு தடவை, அதுவும் காற்றா மீனா என்று சொல்ல முடியாதபடி, லேசாகத் தலையாட்டியது.